செவ்வாய்க்கிழமை தெல்ஃபினா

கொஞ்சுகிறானாம்! "தீதி, தீதி" என்று கொஞ்சுகிறானாம்! அடியே ஒத்தீலியா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளாவது அவனிடம் கேட்டாயா? நான் கேட்டேன். தீதி என்றால் அக்கா. அவன் நாட்டில் தன்னைவிட மூத்த பெண் யாராக இருந்தாலும் தீதிதான். காய்கறிக்காரியும் தீதி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளும் தீதி. நாளைக்கு நீ போய் நின்றாலும் தீதி என்றுதான் கூப்பிடுவான், பாட்டி என்று கூப்பிடாமல் இருந்தால். ஐம்பத்துமூன்று வயதில் தெல்ஃபினா தோவில்யா நேபாளத்துச் சமையல்காரனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அவள் சிரித்தது ஆளைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா? ஐம்பது வருடமாக இந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு எது, சோற்றைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும்.

அதோடு நிறுத்தினாளா இந்த ஒத்தீலியா? இன்று மத்தியானம் தெல்ஃபினா தன் அக்காவைப் பிடித்துத் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டினாள் என்று, சம்பவம் நடந்து அரை மணி நேரத்துக்குள் மருந்துக்கடை வரை சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தெருக்கோடியில் இருக்கிறது இவள் வீடு. கண்ணில் புரை வேறு. நான் நேர் எதிரே இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வார்த்தை விடாமல். எனக்கு எழுத்துத் தெரியாது, கண் நன்றாகத் தெரியும். ஞானஸ்நானத்தில் தெல்ஃபினாவின் தலையைத் தாங்கியவள் நான், ஞானத்தாய் முறையில் என்னை மத்ரீனா என்றுதான் கூப்பிடுவாள், அதனால் பரிந்து பேசுகிறேன் என்பார்கள். ஆமாம், பரிந்துதான் பேசுவேன்.

தோவில்யா அக்கா தங்கையின் சாப்பாட்டுக் கடையை, தெற்கு எல்லையில் இருக்கிற எங்கள் தபச்சூலாவில் தெரியாதவர் இல்லை. ஐந்து மேசை, ஒரு அடுப்படி, பின்னால் இரண்டு கட்டில். கடை அவர்களுடைய அம்மா வைத்தது. சமையல் வரிசையும் அம்மா வைத்ததுதான். திங்கள் கோழிச் சாறு. புதன் சிப்பிலின் கீரையைச் சோளமாவில் பிசைந்து வாழை இலையில் கட்டி அவித்தது. வியாழன் பன்றி போட்ட கறுப்பு பீன்ஸ். வெள்ளி மீன். சனிக்கிழமை மிளகாயும் கொக்கோவும் எள்ளும் அரைத்த குழம்பு, அதற்காக மலைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஞாயிறு மாட்டு வயிறு. செவ்வாய் விடுமுறை. அம்மா சாகும்போது அக்கா அம்பாரோவுக்கு இருபது வயது, தெல்ஃபினாவுக்குப் பன்னிரண்டு. அன்று தொட்டு நாற்பத்தொரு வருடம் அடுப்பு அக்காவின் கையில்; அரைப்பது, பிசைவது, இலை கட்டுவது எல்லாம் தங்கையின் கையில். ஒரு சிட்டிகை உப்புக்கூட மாறியதில்லை. மாறினால் அம்பாரோவுக்குத் தெரிந்துவிடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் மாற்றினாலும் தெரிந்துவிடும்.

இந்தத் தெல்ஃபினாவுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தால் போதும். காலையில் துணி துவைப்பாள். பதினொரு மணிக்குக் குளிப்பாள். மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, கூந்தலில் ஈரம் சொட்டச் சொட்ட, பன்னிரண்டு அடிக்கும்போது தெருவில் இருப்பாள். இந்தச் செவ்வாய் எங்கே? அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். மூக்குதான் அவளைக் கூட்டிக்கொண்டு போகும். வடக்கே போகக் காகிதம் கிடைக்கும் வரை இந்த ஊரில் காத்துக் கிடக்கிற சனங்கள் எத்தனை நாடு! காத்திருக்கிறவனுக்கும் பசிக்கும். ஒருத்தி ஒரு அடுப்பைப் பற்ற வைப்பாள், நான்கு பேர் உட்காருவார்கள், அடுத்த வாரம் அது ஒரு கடை. கார் நிறுத்துகிற கொட்டகையில் ஹைத்திக்காரி யொலெத் பன்றியை வறுத்து, முட்டைக்கோசை மிளகாயும் புளிப்பும் சேர்த்து ஊறவைத்துத் தருகிறாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கியூபாக்காரர்கள். சீனர்கள் என் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறார்கள், அவர்களை வெளியூர்க்காரர்கள் என்று சொன்னால் எங்களுக்கே கோபம் வரும். ஒரு வாசல் விடாமல் தெல்ஃபினா ஏறியிருக்கிறாள்.

அவள் சாப்பிடுகிற விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கவே மாட்டாள். நேராக அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். "விக்கறத எனக்குக் குடுக்காதீங்க. நீங்க எதைத் திங்கப் போறீங்களோ அதுல ஒரு கரண்டி குடுங்க" என்பாள். கடைக்காரர்கள் முதலில் முறைப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு தங்கள் சட்டியிலிருந்தே போடுவார்கள். முதல் வாய் கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது வாய் கண்ணைத் திறந்துகொண்டு. நன்றாக இருந்தால் மேசைக்கு அடியில் ஒரு செருப்பைக் கழற்றுவாள். அவளுக்கே தெரியாது அது. யொலெத் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். தெல்ஃபினா வந்து உட்கார்ந்தால் யொலெத் முகத்தைப் பார்ப்பதில்லை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்குகிற சாக்கில் மேசைக்குக் கீழே குனிவாள். ஒரு செருப்பு கழன்றிருந்தால் உள்ளே போய் மகளிடம் ஒரு விரலைக் காட்டுவாள். அங்கே இரண்டு செருப்பும் கழன்றது ஒரே ஒரு தடவை, பூசணிச் சாறுக்கு.

நன்றாக இல்லையென்றாலும் சொல்லிவிடுவாள். மூன்று தலைமுறைச் சீனக் கடையில் கிழவரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க அப்பா காலத்துல இந்த வாத்து அழுதுச்சு. இப்ப தூங்குது" என்றாள். அவர் கோபிக்கவில்லை. அடுத்த செவ்வாய் வாத்து கொழுப்புச் சொட்டச் சொட்ட அழுதது.

சாயங்காலம் மழை விட்டதும் என் ஜன்னலடிக்கு வந்து நிற்பாள். எனக்குப் பல் போய்விட்டது. அவள் சொல்லச் சொல்ல நான் சாப்பிடுவேன். வெறும் சொல் இல்லை, கையால் கிள்ளிக் காட்டுவாள், உதறிக் காட்டுவாள், எண்ணெய் எப்படிச் சடசடத்தது என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டுவாள். "மத்ரீனா, இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு? பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டே எங்கிட்ட வராம இருந்துச்சே, இதுக்கு எவ்வளவு திமிரு!" என்பாள். எனக்கு எச்சில் ஊறிவிடும்.

அம்பாரோவுக்கு இது பிடிக்காது. அவள் கெட்டவள் இல்லை, அதையும் எழுதுங்கள். சமையல்காரி இன்னொருத்தர் மேசையில் உட்கார்ந்தால் தன் பானை சரியில்லை என்று ஊருக்குச் சொல்வது மாதிரி, இது அவர்கள் அம்மாவின் பேச்சு. இருந்தாலும் பல வருடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை தங்கை வெளியே போகும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள், அவ்வளவுதான்.

பிறகு தேக் வந்தான்.

தேக் பகதூர் என்பது அவன் பேர். ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா என்று மரியாதை ஒட்டுகிற எங்கள் வாயில் அது தோன் தெக்கோ ஆகிவிட்டது. அவனும் வடக்கே போக வந்தவன்தான். காத்திருந்த மாதங்களில் தன் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தான், அப்படியே தங்கிவிட்டான். மூடிப்போன செருப்புக் கடையை வாடகைக்கு எடுத்திருக்கிறான், எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி. பழைய பலகையை மாற்றவில்லை. வாசலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்பு பூட்ஸ். அதனால் எங்கள் தெருவில் "பூட்ஸில் சாப்பிட்டேன்" என்றால் யாருக்கும் விளங்கும்.

இரண்டு செவ்வாய்க்கு முன்னால் தெல்ஃபினா பூட்ஸுக்குப் போனாள். அன்று சாயங்காலம் என் ஜன்னலடிக்கு வந்தவள் நேராக நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கையாலயே, மத்ரீனா! சோத்தைக் கையாலயே!" என்றாள். "சோள ரொட்டி இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னுட்டான். பக்கத்து மேசையில பார்த்தா எல்லாரும் அஞ்சு விரலையும் வெச்சுப் பிசையறாங்க. நானும் கைய வெச்சேன். விரல்ல சூடு ஏறுது பாருங்க, வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே விரல் தின்னுடுது!"

நடுவில் சோறு, பக்கத்தில் கறுப்புப் பருப்பு, புளிக்க வைத்துக் காயப்போட்ட கீரை, ஒரு ஓரத்தில் தக்காளித் துவையல். அந்தத் துவையலில்தான் விஷயம். தன் ஊரிலிருந்து சின்ன மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்த ஒரு மிளகைத் தட்டிப் போட்டிருக்கிறான். "முதல்ல எலுமிச்சை வாசம் வந்துச்சு. அப்புறம் நாக்கு காணாமப் போச்சு, மத்ரீனா. இருக்கான்னு தொட்டுப் பார்த்தேன். இருந்துச்சு, ஆனா என்னோடது இல்ல!" நாற்பத்தொரு வருடம் மிளகாய் அரைத்தவள் சொல்கிறாள் இதை. இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு, ஒன்றை அங்கேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். செருப்புப் படம் போட்ட கடையில் செருப்பை விட்டுவிட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

சரி, ஏன் நிற்க முடியவில்லை? அங்கேதான் எல்லா வம்பும் ஆரம்பம்.

தட்டு காலியானதும் தேக் சட்டியோடு வந்து, "மாஸ்?" என்று கேட்டிருக்கிறான், இன்னும் கொஞ்சம் போடவா என்று. இவள் "கிராசியாஸ்" என்றாள். நன்றி என்றாள். எங்கள் ஊரில் இன்னும் வேண்டுமா என்று கேட்டதற்கு வெறுமே நன்றி என்று சொன்னால், வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். வேண்டுமென்றால் போடுங்கள் என்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, தாய்ப்பாலோடு வருகிறது. தேக்குக்கு அது எப்படித் தெரியும்? நன்றி என்றால் அவனுக்கு நன்றிதான். போட்டான் ஒரு குவியல். போட்டதை மிச்சம் வைத்தால் இவள் அம்மா கரண்டிக் காம்பால் முட்டியில் அடிப்பாள். இவளால் வைக்க முடியாது. வழித்துத் தின்றாள். தட்டு காலி. தட்டு காலியாக இருந்தால் அவன் ஊரில் சோறு போட்டவனுக்குப் பாவம். மறுபடி வந்தான். மறுபடி கிராசியாஸ். மறுபடி குவியல். இவளுக்கு நெற்றியில் வியர்வை, அவனுக்கு முகத்தில் கவலை, பக்கத்து மேசைப் பையன்கள் தங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு இவளைப் பார்க்கிறார்கள். நான்கு தட்டு! "அவங்க வழக்கம் போலிருக்கு, மத்ரீனா. விருந்தாளி சாகற வரைக்கும் போடுவாங்க போல. நல்ல சனங்க" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த செவ்வாய்க்குத் தயாராகிப் போனாள். திங்கட்கிழமை ராத்திரியே பட்டினி. "பசியோட போனா சமாளிச்சுடலாம்" என்றாள். அன்றும் மூன்று தட்டு. அவள் சிரித்ததை ஒத்தீலியா பார்த்தது அன்றுதான். பசியோடு போனவளுக்குச் சுடச்சுடச் சோறு வந்தால் சிரிக்காமல் அழுவாளா?

தேக்கின் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்; நாலு நாலு தட்டு, ஒரு பருக்கை விடாமல்; இரண்டாம் தடவை கண் குழிந்து போய் வேறு வருகிறாள். இந்தத் தீதிக்கு வீட்டில் சோறு போடுகிறவர் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். நல்ல மனசு பட்ட பாடு அது.

வியாழக்கிழமை மத்தியானம். தோவில்யா கடையில் ஐந்து மேசையும் நிறைந்திருக்கிறது, பீன்ஸ் கொதிக்கிறது, தெல்ஃபினா பின்கட்டில் அரைத்துக்கொண்டிருக்கிறாள். தேக் வருகிறான், சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் துணி கட்டிய பெரிய தூக்குச் சட்டி. நேரே அம்பாரோ முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டு, தனக்குத் தெரிந்த ஐம்பது வார்த்தையில் பேசுகிறான்.

"தீதி. உங்க தங்கச்சி... ரொம்பப் பசி. இங்க... சாப்பாடு கொஞ்சம். பரவால்ல. நான் குடுக்கறேன். தினம் குடுக்கறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மெக்கானிக் ஃபெர்மின் வாயைத் திறந்தான், அவனுக்குத் திறக்காமல் இருக்க முடியாது. "என்ன அம்பாரோ இது? ஊருக்கே ஆக்கிப் போடற, தங்கச்சிக்கு ஒரு கரண்டி போடக் கூடாதா?" ஐந்து மேசையும் சிரித்தது.

அம்பாரோ ராணி மாதிரி நிமிர்ந்து நின்று, புறங்கையைத் தூக்கி, "கிராசியாஸ்" என்றாள். எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். தேக்குக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நன்றி சொல்லிவிட்டாள் அல்லவா! தூக்குச் சட்டியைத் திறந்தான். அங்கேயே, அவள் அம்மாவின் மேசை மேல், அம்மாவின் தட்டை எடுத்து, அம்பாரோவுக்குச் சோறு பரிமாற ஆரம்பித்தான். அவள் "கிராசியாஸ், கிராசியாஸ்!" என்று குரலை உயர்த்த உயர்த்த, அவன் இன்னும் இன்னும் போட்டான். தெல்ஃபினா கையெல்லாம் மிளகாயோடு ஓடிவந்து அவனைப் பிடித்து நிறுத்துவதற்குள் தட்டில் தகானா எரிமலை நின்றது.

எனக்கு இங்கே சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. அப்புறம் அம்பாரோவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று கடை மூடியதும் அவள் சொன்னது என் ஜன்னல் வரை கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் பயமில்லை. "அடுத்த செவ்வா நீ அந்தப் பூட்ஸ் பக்கம் போனியானா, புதன்கிழமை அம்மா அடுப்படியில காலை வைக்காதே. உன் கட்டில் இங்க இருக்கும். உன் அம்மி இருக்காது."

அம்மியை எடுத்துவிட்டால் தெல்ஃபினாவுக்கு என்ன மிச்சம்? பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் கல்லின் முன்னால் முட்டி போட்டவள்.

மறுநாள் நான் தடியை ஊன்றிக்கொண்டு நான்கு வீடு நடந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. தேக்கை உட்கார வைத்துக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். "இதப் பாரு தம்பி. புறங்கை மேல, கிராசியாஸ். போதும்னு அர்த்தம். போடாதே. போட்டா சண்டை." அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அப்ப அந்தத் தீதிக்குப் பசி இல்லையா? நாலு தட்டு?" என்றான். "முதல் தட்டு ஆசை. மத்த மூணும் மரியாதை" என்றேன். உடனே போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுந்தான். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்னொரு தடவை கும்பிட்டுக்கொண்டு போனால் அம்பாரோ கொதிக்கிற பீன்ஸோடு வருவாள். என்னைச் சும்மா அனுப்பவில்லை அவன். மாவுக்குள் கறி வைத்து ஆவியில் அவித்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, மொமோ என்றான். பல் தேவையே இல்லை! ஆறு தின்றேன். ஏழாவதுக்குப் புறங்கையைத் தூக்கினேன். உடனே நிறுத்திவிட்டான், கெட்டிக்காரன். எனக்குத்தான் கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது.

அம்பாரோவிடமும் சொல்லிப் பார்த்தேன், ஜன்னலிலிருந்தே. வார்த்தை மாறிப் போச்சு அம்பாரோ, வேறொன்றும் இல்லை என்று. "வார்த்தை மாறலாம், தோன்யா. ஊரு சிரிச்சது மாறாது" என்றாள்.

இந்த வாரம் முழுக்கத் தெரு அந்தக் கடையைத்தான் தின்றது. போவாளா, போக மாட்டாளா? தெல்ஃபினா எப்போதும்போல் அரைத்தாள், பிசைந்தாள். சனிக்கிழமைக் குழம்பு இந்த வருடத்திலேயே நன்றாக இருந்தது, மலையிலிருந்து வந்தவர்கள் விரலை நக்கினார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்புச் சாடியைக் கேட்க வேண்டுமென்றால்கூட அடுப்பைப் பார்த்துக் கேட்டார்கள்.

இன்று செவ்வாய். பதினொரு மணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குளிக்கிறாள்! ஒத்தீலியா தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஃபெர்மின் ஒரு காரின் கீழே படுத்துக்கொண்டு ஒரு திருகாணியும் திருகவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கல்யாணத்தன்றுகூட அப்படி அடித்ததில்லை.

அதற்குள் அம்பாரோ கடைக் கதவை அகலத் திறந்து, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசல் நடுவில் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். விடுமுறை நாளிலும் சமையல் முன்துணி கட்டியிருந்தாள், முதுகில் இறுக்கி முடிச்சு. நாற்காலிக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், ஆள் என்றால் ஒருக்களித்துத்தான்.

மஞ்சள் கவுன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"எங்க?" என்றாள் அம்பாரோ, திரும்பாமல்.

"உனக்குத் தெரியும்."

"நான் சொன்னது உனக்குத் தெரியும்."

"தெரியும். நாளைக்கு புதன்கிழமை. யாரு இலை கட்டுவா?"

"ஒத்தீலியா கட்டுவா."

"அவளா! அவ கட்டினா மாவு சட்டிய விட்டு எந்திரிச்சு ஓடிடும்க்கா."

நான் சிரித்துவிட்டேன். அம்பாரோவின் உதடும் ஒரு நூல் அசைந்தது. உடனே இறுக்கிக்கொண்டாள்.

"எதுக்குடி போற? என்ன இல்லை இங்க?"

தெல்ஃபினா மெதுவாகச் சொன்னாள். "சனிக்கிழமைக் குழம்பு வாயில வைக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்க்கா. கீரை தெரியும். மீனு தெரியும். நாப்பத்தோரு வருஷமா எல்லாமே முன்னாடியே தெரியும். அங்க போய் உக்காந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது. என்ன வரப்போகுதுன்னு தெரியாது. நெஞ்சு அடிச்சுக்குது, சின்னப் பொண்ணு மாதிரி. வாயில வெச்சப்புறம்தான் தெரியுது. வயித்துக்காகப் போகலக்கா."

"ஊரே சிரிச்சுது." அம்பாரோவின் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. "நான் உனக்குச் சோறு போடலையாம். நான்! அம்மா போன அன்னிக்கு சாயங்காலம் யாருடி உனக்குப் போட்டா?"

"நீதான் போட்ட."

"மறுநாள்?"

"நீதான். அதுக்கு மறுநாளும் நீதான். இன்னிக்கு வரைக்கும் நீதான்." தெல்ஃபினா மூச்சை இழுத்துக்கொண்டாள். "உனக்கு யாருக்கா போட்டா?"

தெரு கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்ல யாரையோ தேடுகிற மாதிரி அம்பாரோவின் கண் தெருவில் ஓடியது, என் ஜன்னலில் வந்து நின்றது. நான் என்ன சொல்ல? நானும் நாற்பது வருடம் அவள் கையால் வாங்கித் தின்றவள். அவள் உட்கார்ந்து தின்று நான் பார்த்ததில்லை. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள், நின்றபடியே. அதுதான் அவளுடைய மத்தியானச் சாப்பாடு.

அப்போதுதான் தெல்ஃபினா குனிந்து அக்காவின் முதுகில் கைவைத்தாள். முன்துணியின் முடிச்சைத் தேடினாள். அது முதுகுக்கும் நாற்காலிக் கட்டைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது, விரல் நுழையவில்லை. அவள் இழுக்கவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்பாரோ தெருவைப் பார்த்தபடி, முகத்தில் ஒரு கோடு மாறாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, முடிச்சுக்குக் கை எட்டுகிற அளவுக்கு, முதுகைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கொடுத்தாள்.

தெல்ஃபினா அவிழ்த்தாள். இரண்டு நாடாவும் நாற்காலியின் இரண்டு பக்கமும் தொங்கின. மஞ்சள் கவுனை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்காவின் தோளில் படாமல் ஒருக்களித்து, வெளியே வந்து, பின்னால் வர இன்னொருத்தி இருக்கிற மாதிரி கதவை அப்படியே திறந்து விட்டுவிட்டு, பூட்ஸ் பக்கமாகத் தெருவில் இறங்கினாள்.